முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா

கடைக்குப் போய் மார்லீன் தகாலா முட்டை வாங்கினால், பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் விரலால் அசைத்துப் பார்ப்பாள். அடியில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் அதில் விரிசல் இருக்கிறது. இது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மார்லீன் பணம் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்த பிறகு, இன்னொரு தடவை திறந்து பார்ப்பாள்.

"இப்பத்தானே பாத்த?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் பாத்தேன்னு அந்தக் கல்லாக்காரிக்குத் தெரியும்ல. அதுக்கப்புறம் அது அவ கையில கொஞ்ச நேரம் இருந்துச்சு."

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். தலைக்கு மேலே இருக்கும் அகலக் கண்ணாடியில் ஐம்பது பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே, பனி இறுகிய மேட்டுச் சாலைகளில் வண்டியை ஏற்றி இறக்கியவள். முதுகுக்குப் பின்னால் எவன் எந்த நிமிஷம் என்ன செய்வான் என்று சந்தேகப்படுவதுதான் அந்த வேலை. வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. நான் அதே பஸ் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். பெயர் எல்டன். அவள் வீட்டிலிருந்து இரண்டு வளைவு தள்ளி என் வீடு. என்னையும் அவள் நம்ப மாட்டாள். ஆனால் இயந்திரம் எதையாவது பார்க்கப் போவதென்றால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

அவள் புருஷன் வெர்னன் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். பெரிய ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் கீவினா தீபகற்பத்தில் ஒரு குளிர்காலத்துக்கு இருபத்தைந்து அடி பனி விழுவது எங்களுக்குப் பேச்சே இல்லை. ஊர்ச் சாலையெல்லாம் தள்ளிவிட்டு வந்து, சொந்த வீட்டுப் பாதையையும் அவனே தள்ளுவான். பாதை என்றால் கால் மைல். சாலையிலிருந்து ஏரியைப் பார்த்து இறங்கி, வலப்பக்கம் பாறையும் இடப்பக்கம் பள்ளமுமாக வளைந்து போகும் சரளைப் பாதை. சின்ன டிராக்டரின் முன்னால் ஒரு தகட்டை மாட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு குளிர்காலம் பிப்ரவரியிலேயே ஓரத்துப் பனிச் சுவர் டிராக்டர் கூரையைத் தாண்டிவிட்டது. தள்ளிய பனிக்குப் போக இடமில்லை. மார்ச்சில் பாதை ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. எரிவாயு லாரி இறங்க மாட்டேன் என்று திரும்பிப் போனது. அன்றைக்கே முடிவாகிவிட்டது, ஸ்னோ ப்ளோயர் வாங்க வேண்டும் என்று. பனியைச் சுருள் கத்தியால் வாரி இழுத்து, குழாய் வழியாக முப்பது நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் வீசிவிடும் இயந்திரம். சுவர் எழும்பாது.

அதே வசந்தத்தில் வெர்னனுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு எலும்பைத் தகடு வைத்து இணைத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு டிராக்டர் பக்கம் போகவே கூடாது, குலுங்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, வரப்போகும் குளிர்காலத்தில் டிராக்டரில் உட்காரப்போவது மார்லீன். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப்பட்ட ப்ளோயர் என்பதில்தான் வந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் ஏலக்காய் ரொட்டி. வெர்னன் கழுத்துப் பட்டையோடு நேராக நிமிர்ந்து, யாரோ படம் எடுக்கப் போவதுபோல உட்கார்ந்திருந்தான்.

"பின்னாடி மாட்டுறதுதான்," என்றாள் மார்லீன். "மூணு இரும்பு முளையைச் செருகினா முடிஞ்சுச்சு. எளிய சாமான், கெட்டி சாமான். விலையும் பாதிதான்."

"பின்னாடி மாட்டினா குளிர்காலம் பூரா ரிவர்ஸ்லயே ஓட்டணும்," என்றான் வெர்னன்.

"ரிவர்ஸா? நாப்பது அடி பஸ்ஸ பனிப்புயல்ல லேடன்மாக்கி வீட்டுச் சந்துல ரிவர்ஸ் எடுத்தவகிட்ட சொல்ற."

"முன்னாடி மாட்டுறது வாங்கலாம்னு பாக்கறேன்."

"முன்னாடி மாட்டணும்னா மண் வாரியைக் கழட்டணும், அடிவயித்துல சட்டம் பொருத்தணும், இன்ஜின்ல இருந்து தண்டு இழுக்கணும். விறகு நகத்த வேண்டியிருந்தா அப்ப என்ன பண்ணுவ? கையால தூக்குவியா, இந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டு?"

"முன்னாடிதான் நல்லது, மார்லீன்."

"ஏன்?"

வெர்னன் காபியை எடுத்துக் குடித்தான். குடித்து முடித்து, கோப்பையை வைத்து, "நல்லது," என்றான்.

நான் வெளியே வந்தபோது மார்லீனும் வண்டி வரை கூடவே வந்தாள். "பாத்தியா? நாப்பது வருஷத்துல அந்த ஆளு ஒரு சாமானுக்கு ரெண்டு மடங்கு விலை குடுக்கணும்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. சாக்ஸைக் கூடத் தைச்சுப் போடுறவன். அப்புறம் இந்த ஃபோன். நான் வீட்டுக்குள்ள வந்தா குரலைத் தாழ்த்துறான், 'சரி, அப்புறம் பேசறேன்'னு வெச்சுடறான். யார்னு கேட்டா 'சர்ச்சுல இருந்து'ங்கறான். சர்ச்சுக்காரங்க வாரத்துல நாலு நாள் எதுக்கு ஃபோன் பண்றாங்க?"

"கழுத்து எப்படி இருக்குன்னு கேப்பாங்க."

"கேட்டா உரக்கத்தானே பதில் சொல்லணும்."

நான் வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த வாரம் என்னை அழைத்துக்கொண்டு டிராக்டர் கடைக்குப் போனாள். அங்கே விற்பனையில் இருப்பவன் கர்ட் பெலாஞ்சர். நாற்பது வயதை நெருங்குகிறான், தலை வழுக்கை. ஆனால் மார்லீன் உள்ளே நுழைந்ததும் கையிலிருந்த சூயிங்கத்தைச் சட்டென்று காகிதத்தில் சுருட்டிப் பையில் போட்டான். சின்னப் பிள்ளையில் ஆறு வருஷம் அவள் பஸ்ஸில் போனவன்.

"வாங்க மிஸஸ் தகாலா."

"உக்காரு தம்பி, நிக்காத. எங்க டிராக்டர்ல இருபத்தஞ்சு குதிரை சக்தின்னு எழுதியிருக்கு. அதுல ப்ளோயருக்குப் போய்ச் சேர்றது எத்தனை?"

கர்ட் என்னைப் பார்த்தான். "பி.டி.ஓ.-வுலயா? அதான், ப்ளோயரைச் சுத்தற தண்டுல? பதினெட்டரை வரும்."

"மீதி ஆறரை எங்க போகுது?"

"அது... சக்கரத்துக்கு, ஹைட்ராலிக்குக்கு. எல்லா டிராக்டர்லயும் அப்படித்தான்."

"எல்லா டிராக்டர்லயும் அப்படித்தான்னா அதை ஏன் பெரிசா எழுதல?"

அவன் மூன்று இயந்திரங்களைக் காட்டினான். பின்னால் மாட்டி, பின்னோக்கி ஓட்டுவது ஒன்று. பின்னால் மாட்டினாலும் முன்னோக்கி இழுத்துக்கொண்டு போவது இன்னொன்று. அதில் சக்கரம் முதலில் பனியை மிதித்து இறுக்கிவிடும், அப்புறம்தான் கத்தி வரும், அது எங்கள் பக்கத்துப் பனிக்குச் சரிப்படாது என்று கர்ட்டே சொன்னான். தன் சரக்கைத் தானே குறை சொல்கிறானே என்று அதற்கும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்றாவது முன்னால் மாட்டுவது.

அகலத்துக்கு வந்தார்கள். அறுபது அங்குலமா, அறுபத்தாறா? பெரியதை மாட்டினால் வேகமாக முடியும் என்றான் கர்ட்.

மார்லீன் கோட்டுப் பையிலிருந்து தன் அளவு நாடாவை எடுத்தாள். கடையில் சுவரோடு தொங்கிய நாடாவை அவள் தொடவில்லை. "டயரோட வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வரைக்கும் அம்பத்தேழு. சங்கிலி சுத்தினா அம்பத்தெட்டு. மூணு தடவை அளந்தேன். அறுபது போதும். இந்தப் பதினெட்டரையை வெச்சுக்கிட்டு ஈரப் பனியில அறுபத்தாறை இழுத்தா இன்ஜின் மூச்சு வாங்கும். இல்லையா எல்டன்?"

"வாங்கும்," என்றேன்.

"அப்ப ஏன்டா தம்பி பெரிசைத் தள்ளிவிடப் பாக்கற?"

"இல்ல மிஸஸ் தகாலா, வெர்னும் அறுபதுதான் போதும்னு—" என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

கடையில் வேறு யாரும் இல்லை. பின் கொட்டகையில் யாரோ காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெர்ன் எப்ப சொன்னான்?"

"ஃபோன்ல. சும்மா ஒரு தடவை."

"எத்தனை தடவை?"

"நாலு, அஞ்சு இருக்கும்." கர்ட்டின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"என்ன கேட்டான்?"

"முன்னாடி மாட்டுறது உங்க மாடலுக்குப் பொருந்துமான்னு கேட்டாரு. வயித்துக்கடியில தண்டு இருக்கான்னு. இருக்கு, பொருந்தும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. அவ்வளவுதான் மிஸஸ் தகாலா, சத்தியமா."

திரும்பி வரும்போது மார்லீன் நேராகச் சாலையைப் பார்த்தபடி பேசினாள். வண்டியை நான்தான் ஓட்டினேன். அப்போதெல்லாம் வெளியூர் போனால் என்னைத்தான் ஓட்டச் சொல்வாள். "நாலாங் கிளாஸ்ல சீட்டைக் கத்தியால கிழிச்சது யாருன்னு கேட்டப்பவும் அவனுக்கு இதே மாதிரிதான் காது சிவந்துச்சு. ஆனா இன்னைக்கு அவன் பொய் சொல்லல. பொய் வீட்டுல இருக்கு. புரியுதா உனக்கு? முன்னாடி மாட்டினா தலையைத் திருப்ப வேண்டாம். கழுத்துப் பட்டையோட உக்காந்துகூட ஓட்டலாம். நான் கடைக்குப் போற நேரமாப் பாத்து ஏறிடலாம்னு இருக்கான். ஒரு குலுக்கு குலுக்கினா அந்தத் தகடு என்ன ஆகும்?"

யோசித்துப் பார்த்தேன். இருபத்தொன்பது வருஷம் பனி தள்ளியவனை ஜன்னலோரம் உட்கார வைத்தால் அவன் வேறு என்ன திட்டம் போடுவான்? அவள் சொன்னதில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

அதனால் அவள் முந்திக்கொள்ளப் பார்த்தாள். செப்டம்பரில், ஹான்காக் பக்கம் லாய்ட் ட்ரெசோனா என்பவர் ஒரு பழைய ப்ளோயர் விற்கிறார் என்று பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தாள். பின்னால் மாட்டுவது, அறுபது அங்குலம், பாதி விலை. அதை வாங்கி வந்து கொட்டகையில் இறக்கிவிட்டால் பேச்சு முடிந்தது. வெர்னனிடம் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

லாய்ட் எழுபது வயது மனிதர். கறி அடைத்த பாஸ்டி ஒன்றைத் தின்றுகொண்டே வந்து கொட்டகைக் கதவைத் திறந்தார். ப்ளோயர் புதுச் சிவப்பில் பளபளத்தது.

"எப்ப பெயின்ட் அடிச்சீங்க?" என்பதுதான் மார்லீனின் முதல் கேள்வி.

"போன மாசம். பாக்க நல்லா இருக்கட்டும்னு."

"எதுக்கு மேல அடிச்சீங்க?"

லாய்ட் மென்றபடி சிரித்தார். "நீ பள்ளிக்கூட பஸ் ஓட்டினவதானே? என் பேரன் சொல்லுவான்."

அவள் குனிந்து சுருள் கத்தியைக் கையால் சுற்றினாள். சத்தமில்லாமல் சுற்றியது. நான் டார்ச் அடித்தேன். கத்தியைத் தண்டோடு பிணைக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு போல்ட் இருக்கும். அது வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்த போல்ட். கல்லோ விறகுத் துண்டோ சிக்கினால் அந்த போல்ட் முறிந்து போக வேண்டும், உள்ளே இருக்கும் கியர் பாக்ஸ் தப்பிக்க வேண்டும். மார்லீன் அதன் தலையைக் கட்டை விரலால் துடைத்தாள்.

"எல்டன், இந்தக் கோட்டை எண்ணு."

எண்ணினேன். தலையில் ஆறு கோடு. கோடு கூடினால் கடினம்; இது இருப்பதிலேயே கடினமான இரும்பு. லாரி அச்சுக்குப் போடுவது.

"இதை யார் போட்டா?" என்றாள்.

"அடிக்கடி முறிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இது போட்டதுக்கப்புறம் முறியவே இல்லையே," என்றார் லாய்ட், நல்ல செய்தி சொல்கிறவர்போல.

நான் கியர் பாக்ஸ் மூடியைத் திருகி விரலை விட்டேன். எண்ணெய் சாம்பல் நிறமாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுத்தது. பல்லெல்லாம் அரைபட்டு எண்ணெயில் கரைந்திருந்தது. என் விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

"லாய்ட், இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியாதும்மா. போல்ட் முறியாம இருந்தா நல்லதுன்னுதான் நினைச்சேன்." முகத்தைப் பார்த்தால் உண்மை போலத்தான் இருந்தது. பிறகு அவரே சொன்னார், "வாங்காட்டி நல்லதுதான். எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு. உன் வீட்டுக்காரன் ஃபோன் பண்ணி, அவ வந்தா வித்துடாதீங்கன்னு கேட்டுக்கிட்டான். நான்தான் காதுல வாங்கிக்கல."

மார்லீன் கையுறையைப் பாதி மாட்டிய நிலையில் நின்றாள். "எப்ப?"

"முந்தாநாள்."

அவள் என்னிடம் விஷயத்தைச் சொன்னதே அதற்கு முந்தின நாள்தான், வேறு யாருக்கும் தெரியாது. வண்டியில் ஏறி கதவைச் சாத்திக்கொண்டு, முதல் முறையாகத் தலையை முழுக்கத் திருப்பி என்னைப் பார்த்தாள். "நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

வெர்னனுக்கு அது தெரிந்தது ஒன்றும் மாயம் இல்லை. அவள் பேப்பரிலிருந்து கிழித்து வைத்திருந்த விளம்பரத்தை அவன் பார்த்திருக்கிறான் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அதன் பிறகு மூன்று வாரம் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அந்த மூன்று வாரமும் அவள் வெர்னனை வேவு பார்த்தாள். டிராக்டர் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் போட்டாள். அவன் தேடினால் பிடித்துவிடலாம் என்று எண்ணம். அவன் தேடவே இல்லை. டிராக்டர் இருக்கையில் மெல்லிய தூசி அப்படியே இருந்தது. மனுஷன் ஏறும் எண்ணமே இல்லாதவன்போல ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்தான். அதுவே அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. திருடன் என்று நினைத்தவன் பூட்டைத் தொடாவிட்டால் காவல் இருப்பவன் பாடுதான் திண்டாட்டம்.

அக்டோபர் முதல் வாரம், ஒரு மத்தியானம், கதவைத் தட்டாமல் என் சமையலறைக்குள் வந்து ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தாள். வெர்னனின் மீன்பிடிப் பெட்டிக்கு அடியில் கிடைத்ததாம். வெர்னன் கைப்பட வரைந்த படம். அவர்கள் வீட்டுப் பாதை, வளைவுகளோடு. சாலைத் துறைக்காரன் வரைந்தது, அளவு பிசகாமல் இருந்தது. பனி விழுவதற்கு முன்னால் பாதை ஓரத்தில் நாங்கள் எல்லோரும் ஆரஞ்சுக் கம்பங்கள் நடுவோம், விளிம்பு தெரிவதற்காக. வழக்கமாக இரண்டு பக்கமும் சம தூரத்தில் நடுவது. இந்தப் படத்தில், வீட்டிலிருந்து மேலே ஏறும்போது இடப்பக்கம் ஐம்பதடிக்கு ஒன்று. வலப்பக்கம் பத்தடிக்கு ஒன்று. கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி: 'மா. வலது பக்கம் பார்ப்பதில்லை. முன்னால் மாட்டினால் திரும்ப வேண்டாம்.'

"உனக்குத்தான் தெரியும்," என்றாள். "கொட்டகையில நீதான் அந்தக் கண்ணாடியை மாத்தின. ரெண்டு தடவை. நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?"

உண்மைதான். அவள் வேலையில் இருந்த கடைசிக் குளிர்காலம், பஸ்ஸின் வலப்பக்கக் கண்ணாடியை இரண்டு முறை தபால் பெட்டிக் கம்பத்தில் இடித்து உடைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷத்தில் ஒரு கீறல் போடாதவள். இரண்டு முறையும் நான் கிடங்கிலிருந்து புதுக் கண்ணாடி எடுத்து மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டாவது கண்ணாடி உடைந்த வாரம் அவள் கண் டாக்டரிடம் போனாள் என்பது பின்னால் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாவியை மேஜையில் வைத்து, "போதும், சலிச்சுப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்னும் மூன்று மாதம் ஓட்டியிருந்தால் அந்த வருஷம் முழுசாக ஓய்வூதியக் கணக்கில் வந்திருக்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு நாள்கூட அதற்கு மேல் அவள் ஓட்டவில்லை.

"நான் சொல்லலை மார்லீன். ஆனா எனக்குத் தெரியும்னு இப்ப ஒத்துக்கறேன். அது போதுமா?"

அவள் உட்கார்ந்தாள். நான் காபி ஊற்றி அவளுடைய இடப்பக்கம் வைத்தேன். அதையும் அவள் கவனித்தாள்.

"நீயும்," என்றாள்.

பிறகு சொன்னாள். வலது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும். ஓரம் மட்டும் இல்லை. இருட்டாகத் தெரிந்தாலாவது தெரியவில்லை என்று தெரியும். அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். இடது கண் நன்றாக இருக்கிறது. தினமும் சொட்டு மருந்து விட்டால் இதற்கு மேல் போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்தைத் தையல் டப்பாவில் வைத்திருக்கிறாள். வெர்னனிடம் ஒன்றரை வருஷமாகச் சொல்லவில்லை.

"அப்ப பின்னாடி மாட்டுறதை எப்படி ஓட்டுவேன்னு நினைச்ச?" என்றேன். "வலது தோளுக்கு மேலதான் திரும்பிப் பாக்கணும். அந்தப் பக்கம் பாறை."

"பழக்கத்துல ஓட்டிடலாம்னு நினைச்சேன்." காகிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். "முன்னாடி மாட்டுறது வேணும்னு நான் சொன்னா, ஏன்னு கேப்பான்ல. அதுக்குப் பதில் சொல்லணும்ல."

காபியைத் தொடாமல் எழுந்து போனாள்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் அப்படியே எழுதுகிறேன். காகிதத்தை அவன் முன்னால் வைத்தாளாம். வெர்னன் அதைப் பார்த்துவிட்டு, "மீன் பெட்டியில கை வெச்சியா?" என்றானாம்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"போன கிறிஸ்துமஸுக்கு முன்னாடி இருந்து. சவுனா நீராவி ரூம்ல நாப்பது வருஷமா நான் உன் வலது பக்கம் உக்காருவேன். திடீர்னு இடது பக்கம் வான்னு தள்ளின. சர்ச் வாசல்ல வண்டி நிறுத்தறப்ப உடம்பையே திருப்பிப் பாக்கற. நம்ம சர்ச்சு ஆல்மா அந்தப் பக்கம் இருந்து கை காட்டினா உனக்குத் தெரியறதே இல்ல. அவ உனக்குக் கோபம்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

"ஏன் கேக்கல?"

"கேட்டா பொய் சொல்லியிருப்ப."

மார்லீன் யோசித்துவிட்டு, "ஆமா," என்றாளாம்.

"நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். பஸ்ஸை நீயாத்தான் விட்ட. யாரும் புடுங்கல. நான் வாயைத் திறந்தா உன்கிட்ட இருந்து நானும் ஒண்ணைப் புடுங்கின மாதிரி ஆயிடும்னு பட்டுச்சு. ப்ளோயர் மட்டும் முன்னாடி இருந்துட்டாப் போதும், யாரும் எதுவும் பேச வேண்டியதில்லன்னு நினைச்சேன்."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீ திருட்டுத்தனமா ஏறி ஓட்டத்தான் அதைக் கேக்கறேன்னு நினைச்சேன்."

வெர்னன் படத்தை மடித்து வைத்தானாம். பிறகு, "அதுவும் கொஞ்சம் நினைச்சேன்," என்றானாம்.

இந்த இடத்தை என்னிடம் சொல்லும்போது மார்லீன் சிரித்தாள். ஆறு மாசத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தான் சந்தேகப்பட்டது முழுக்கத் தப்பில்லை என்றதும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் தையல் டப்பாவில் இருந்த மருந்து சமையலறை ஜன்னல் திட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளே ஆல்மாவிடம் போய், எந்தப் பக்கம் நின்று கை காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முன்னால் மாட்டும் ப்ளோயருக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அறுபது அங்குலம். வீசும் குழாயைத் திருப்ப மோட்டாரா, கைப்பிடியா என்று அடுத்த சண்டை. மோட்டார் என்றால் கம்பி, கம்பி என்றால் எலி கடிக்கும் என்றாள் மார்லீன். கைப்பிடி என்றால் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க வேண்டும், பார்வையும் அதோடு போகும் என்றான் வெர்னன். இந்தத் தடவை அவன் காரணத்தை உரக்கவே சொன்னதால் அவள் ஒத்துக்கொண்டாள். கம்பியை மட்டும் நான் இரும்புக் குழாய்க்குள் விட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் முதல் வாரம் கர்ட்டே லாரியில் கொண்டுவந்து இறக்கினான். மார்லீன் தன் நாடாவால் அளந்தாள். போல்ட் தலைகளைத் துடைத்துப் பார்த்தாள், ஒரு கோடும் இல்லை. கியர் பாக்ஸைத் திறக்கச் சொல்லி எண்ணெயைப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, அடியில் இருக்கும் சறுக்குக் கட்டையைத் தட்டினாள்.

"இது தரையோட தரையா இருக்கு. எங்க பாதை சரளை. ஒரு அங்குலம் உயர்த்தலைன்னா முதல் நாளே அத்தனை கல்லையும் வாரி என் ஜன்னல்லயே அடிக்கும். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தார் ரோடுக்குன்னு வெச்சு அனுப்பிட்டாங்க மிஸஸ் தகாலா. இதோ உயர்த்தறேன்," என்று கர்ட் சட்டையோடு பனி ஈரத்தில் படுத்தான். உயர்த்தி முடித்ததும் அவள் அவனுக்கு ஏலக்காய் ரொட்டி கொடுத்தாள். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றான்.

முதல் பெரும் பனி அந்த மாதம் இருபதாம் தேதி வந்தது. இரண்டடி. மறுநாள் காலை மார்லீன் டிராக்டரில் ஏறினாள். இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, சக்கரத்தை நத்தை வேகத்தில் விட்டு, ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே வந்தாள். ஏறும்போது வலப்பக்கமாக வரும் பள்ளத்து விளிம்பில் ஆரஞ்சுக் கம்பங்கள் வேலிபோல நெருங்கி நின்றன. அவள் எதிரே பார்க்கும்போதே அடுத்த கம்பம் கண்ணில் விழும்படி வெர்னன் கணக்குப் போட்டிருந்தான். பாதி வழியில் பனிக்குள் புதைந்திருந்த விறகுக் கட்டை ஒன்று சிக்கி, போல்ட் டக்கென்று முறிந்தது. அவள் இறங்கிவந்து, முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, எனக்கு ஃபோன் செய்தாள். "முறிஞ்சுச்சு எல்டன்," என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு இயந்திரம் கெட்டுப்போனதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு போல்ட் போட அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

டிசம்பரில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அந்த அலுவலகத்தில் இடது கண்ணை மட்டும் வைத்தே எழுத்துகளைப் படித்துத் தேறியிருக்கலாம். அவள் டாக்டர் கடிதத்தை அவளாகவே எடுத்துப்போய் மேஜையில் வைத்தாள். பகலில் மட்டும் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். புது அட்டையை என்னிடம் நீட்டிக் காட்டினாள். பிறகு, "அந்தப் பொண்ணு என் கடுதாசியைப் படிக்கவே இல்ல, முத்திரையை மட்டும்தான் பாத்தா," என்று குறை சொன்னாள்.

வெர்னனுக்கு ஏப்ரலில் டாக்டர் அனுமதி கொடுத்தார். அடுத்த குளிர்காலத்திலிருந்து ஒரு பனிக்கு அவன், ஒரு பனிக்கு அவள். தன் முறை வரும் நாளில் பனி குறைவாக விழுகிறது என்று இருவருமே சொல்கிறார்கள்.

போன ஜனவரியில் ஒரு காலை, இரவெல்லாம் கொட்டி முடித்த பிறகு, நடந்தே அவர்கள் பக்கம் போனேன். மார்லீன் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தாள். குழாயிலிருந்து பனி வில்லாக வளைந்து பள்ளத்துப் பக்கம் விழுந்தது. என்னைப் பார்த்ததும் இன்ஜினை இறக்கி, கூண்டுக் கதவைத் திறந்தாள்.

"அவன் உன்னைக் கூப்பிட்டானா? நான் எப்படி ஓட்டறேன்னு பாத்துச் சொல்லச் சொன்னானா?"

"காபி குடிக்க வந்தேன்."

"நடந்தா? இந்தப் பனியிலயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, ஓரமாப் போ. என் இடது பக்கமாப் போ."